639 வருடக் கச்சேரிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெர்லினில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "2026 ஆகஸ்ட் 5, புதன்கிழமை. லீவு போட்டுவிட்டு ஹால்பர்ஷ்டாட் போகலாம்னு இருக்கேன். என்ன சொல்றே?" தாராளமாகப் போ, ஆனால் அந்த நாளில்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ரொம்ப நாளாகத் திட்டம் போட்டிருப்பார் போல.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஹால்பர்ஷ்டாட், ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைக்கு வடக்கே இருக்கும் ஒரு சிறு நகரம். சுமார் 40,000 பேர் வசிக்கிறார்கள். அங்கே புர்கார்டி என்ற பழைய கல் தேவாலயத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதிய ஒரு ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் கட்டை வாத்தியம்) படைப்பை 2001 செப்டம்பர் 5 முதல் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 2640-இல் முடியும். நடுவில் இடைவேளை கிடையாது. படைப்பின் பெயர் ஏ.எஸ்.எல்.எஸ்.பி. 'முடிந்தவரை மெதுவாக' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. ஒரு ஸ்வரக் கூட்டு மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில், அப்படியே நிற்கும். பிறகு ஒரு நாள் ஏதாவது ஒரு ஸ்வரம் சேரும், அல்லது விலகும். 2024 பிப்ரவரி 5-இல் ஒன்று சேர்ந்தது. அதற்கு அடுத்த மாற்றத்துக்குக் குறித்திருக்கும் நாள்தான் நண்பர் சொன்ன ஆகஸ்ட் 5.

பெரும்பாலோர் செய்கிற முதல் தவறும் பெரிய தவறும் அந்த நாளைப் பிடித்துக்கொள்வதுதான். ஸ்வரம் மாறும் நாள் ஒரு திருவிழா. கேமராக்கள் வரும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், வெளிநாடுகளிலிருந்து ரசிகர்கள் வருவார்கள், உரைகள் இருக்கும். குறித்த நேரத்தில் கையுறை போட்ட ஒருவர் ஒரு குழாயைப் பொருத்துவார், அல்லது எடுப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கைதட்டல். தேர்த் திருவிழாவுக்குப் போய் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி, தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். அவ்வளவு பேர் இருமி, குசுகுசுத்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போது, எதற்காக வந்தோமோ அந்த ஒலி அடியில் எங்கோ போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இந்த வாத்தியத்தின் வாழ்க்கை மாற்றங்களில் இல்லை. 2013 அக்டோபர் 5-இல் ஒரு மாற்றம். அடுத்தது 2020 செப்டம்பர் 5-இல். நடுவில் ஏழு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. அத்தனை காலமும் ஒரே கூட்டு. அந்த வருடங்களில் ஏதோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் உள்ளே போய், தனியாக நின்று கேட்டவர்தான் படைப்பைச் சரியாகக் கேட்டவர் என்பேன். திருவிழாவையும் பார்க்க ஆசை என்றால் போங்கள், தப்பில்லை. ஆனால் மறுநாள் காலையும் ஊரில் இருங்கள். கூட்டம் கலைந்த பிறகு புதிய கூட்டை முதல் ஆளாகக் கேட்கலாம்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். இங்கே நடக்கும் தவறு ஓரிடத்தில் நின்றுவிடுவது. ஆர்கன் என்றால் சுவரை அடைத்து நூற்றுக்கணக்கான குழாய்கள், செதுக்கு வேலை, பொன் முலாம் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு, ஒரு மரச் சட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய குழாய்கள் மட்டும் இருப்பதைப் பார்த்ததும் 'இதுதானா' என்று தோன்றும். அப்போதைக்கு எந்த ஸ்வரம் ஒலிக்க வேண்டுமோ அதற்கான குழாய் மட்டும்தான் இருக்கும், மற்றவற்றை வேளை வரும்போது சேர்த்துக்கொள்வார்கள். கட்டைகளை அழுத்திப் பிடிக்கச் சின்ன மணல் பைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றைத் துருத்தி தருகிறது, துருத்தியை மின்சாரம் இயக்குகிறது. வாசிப்பவர் என்று யாரும் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். வாத்தியத்துக்கு எதிரே நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள்.

நடங்கள். வெறும் கல் சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட இடம் அது. நிற்காமல் வரும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, வந்துகொண்டிருக்கும் ஒலியோடு மோதும்போது, சில இடங்களில் ஒரு ஸ்வரம் பெருகும், சில இடங்களில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். இரண்டு அடி தள்ளி நின்றால் கூட்டே வேறாகக் கேட்கும். தலையைத் திருப்பினால்கூட மாறும். ஆக, இங்கே ஸ்வரங்கள் நகர்வதில்லை, அந்த வேலையைக் கேட்பவர் செய்ய வேண்டியிருக்கிறது. தூணுக்குப் பின்னால் போய் நில்லுங்கள், சுவரில் சாய்ந்து பாருங்கள், கண்ணை மூடுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் கொடுக்காமல் இதைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லாதீர்கள்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. நிற்காத ஸ்வரம் நம் காதுக்குப் புதிதில்லை. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் மணிக்கணக்கில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுருதிப் பெட்டியும் துருத்தியால் ஓடுவதுதான். ஆனால் அதே பழக்கம்தான் காலையும் வாரிவிடும். ஒத்து கேட்டதும் ராகம் எப்போது ஆரம்பிக்கும் என்று நம் காது தானாகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். இங்கே மேலே எதுவும் வராது. ஒத்தேதான் கச்சேரி. இதை உள்ளே நுழைவதற்கு முன்பே மனதுக்குச் சொல்லி வைத்துக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

639 என்று சொன்னது யார்

"ஜான் கேஜ் 639 வருடம் வாசிக்கச் சொல்லிவிட்டுப் போனார்" என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். தவறு. கேஜ் எத்தனை வருடம் என்று எங்கேயும் குறிக்கவில்லை. 1985-இல் இதைப் பியானோவுக்கு எழுதினார். பியானோவில் 'முடிந்தவரை மெதுவாக' என்பதற்கு இயற்கையாகவே ஒரு வரம்பு உண்டு, ஏனென்றால் தந்தியின் ஒலி தேய்ந்து அடங்கிவிடும். 1987-இல் ஜெர்மன் ஆர்கன் கலைஞர் கெர்ட் சாகருக்காக ஆர்கன் வடிவம் வந்தது. சாகரின் முதல் வாசிப்பு ஏறக்குறைய அரை மணி நேரம்தான். 2009-இல் டயான் லூகேசே என்பவர் அமெரிக்காவின் டவ்சன் பல்கலைக்கழகத்தில் 14 மணி 56 நிமிடம் வாசித்தார். இரண்டுமே கேஜின் சொல்லுக்கு உட்பட்டவைதான்.

கேஜ் 1992-இல் இறந்தார். அதற்குச் சில வருடங்கள் கழித்து, ஆர்கன் கலைஞர்களும் இசை அறிஞர்களும் தத்துவப் படிப்பாளிகளும் கூடிய ஒரு கூட்டத்தில்தான் அந்தக் கேள்வி எழுந்தது: காற்று இருக்கும்வரை ஆர்கன் ஒலிக்கும் என்றால், 'முடிந்தவரை' என்பதற்கு எல்லை எது? வாத்தியத்தின் ஆயுள்தான் எல்லை என்று ஒரு பதில் வந்தது. ஹால்பர்ஷ்டாட் பேராலயத்தில் 1361-இல் நிக்கோலஸ் ஃபாபர் ஒரு பெரிய ஆர்கனைக் கட்டியிருந்தார். இன்றைய பன்னிரண்டு கட்டை அமைப்பின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். 1361-இலிருந்து 2000 வரை 639 வருடம். கடந்து வந்த அதே அளவு காலத்தை முன்னோக்கி நீட்டினார்கள். படைப்பில் எட்டுப் பகுதிகள், ஏதாவது ஒன்றைத் திரும்ப வாசிக்கலாம் என்று கேஜ் அனுமதித்திருப்பதால் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 71 வருடம். இப்போது ஓடிக்கொண்டிருப்பது முதல் பகுதி, அதுவே 2072 வரை போகும்.

2000-இல் தொடங்குவதாக இருந்த வாசிப்பு 2001-இல்தான் தொடங்கியது. 639 வருட வேலையில் ஒரு வருடத் தாமதம், நம் ஊர்க் கல்யாணக் கச்சேரிகளைவிடப் பரவாயில்லை. தொடங்கிய நாள் கேஜின் பிறந்தநாள். மாற்றங்கள் எந்த மாதத்தில் வந்தாலும் தேதி ஐந்தாகவே இருப்பதும் அதனால்தான்.

இந்தக் கதை தெரியாமல் போனால் என்ன கெட்டுவிடும்? பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதரின் கிறுக்குத்தனமான கட்டளை என்று நினைத்துக் கேட்பதற்கும், இறந்துபோன ஒருவர் எழுதிய இரண்டு சொல்லை ஓர் ஊர் நூற்றாண்டுக் கணக்கில் ஏற்றுக்கொண்டது என்று தெரிந்து கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொரு குழப்பம்: "அந்த ஆள்தானே பியானோ முன்னால் ஒருத்தரைச் சும்மா உட்கார வைத்தவர், இங்கேயும் மௌனம்தானே?" அது வேறு படைப்பு. 1952 ஆகஸ்ட் 29-இல் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற சிற்றூரின் மேவரிக் அரங்கில் டேவிட் டியூடர் அதை அரங்கேற்றினார். நாலு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி, மூன்று பகுதிகள். ஒவ்வொன்றின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பியானோவின் கட்டை மூடியை மூடித் திறந்ததோடு சரி. மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்த மர அரங்கில் காற்றும், கூரையில் விழுந்த மழைத்துளியும், பிறகு பொறுமை இழந்தவர்கள் எழுந்து போன சத்தமும் கேட்டதாகக் கேஜ் பின்னாளில் சொன்னார். ஹால்பர்ஷ்டாட்டிலும் மௌனம் இருந்தது, மறுக்கவில்லை. படைப்பே ஓய்வுக் குறியோடு தொடங்குவதால் முதல் 17 மாதம் குழாய் எதுவும் ஒலிக்கவில்லை. 2003 பிப்ரவரி 5-இல்தான் முதல் கூட்டு வந்தது. அதற்குப் பிறகு ஒலிதான். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகிறது என்று ஆர்கனைச் சுற்றி அக்ரிலிக் கூண்டு மாட்ட வேண்டிய அளவுக்கு ஒலி.

செல்போனில் பதிவு செய்து வீட்டுக்கு வந்து கேட்பதும் வீண் வேலை. தாழ்ந்த ஸ்வரங்களைச் செல்போனின் சின்ன ஸ்பீக்கர் தராது, மிச்சம் இருப்பது குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற மாதிரி இருக்கும். அதை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு "இதுக்கா போனே?" என்ற பதிலை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

போகிற வழி

ஊருக்குள் வந்ததும் இரட்டைக் கோபுரத்தோடு பேராலயம் கண்ணில் படும். நேராக அதற்குள் போய் ஆர்கனைத் தேடாதீர்கள். 1361-இன் ஆர்கன் இருந்த இடம் அது, ஆனால் அந்த வாத்தியம் இப்போது இல்லை. கேஜின் படைப்பு ஒலிக்கும் புர்கார்டி, மையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் தனியாக இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் தோன்றிய மடத்துத் தேவாலயம். 1810 வாக்கில் மடம் கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு கட்டடம் தானியக் களஞ்சியமாக, சாராயம் காய்ச்சும் இடமாக, பன்றிக் கொட்டிலாகக்கூட இருந்திருக்கிறது. உள்ளே அலங்காரம் எதுவும் இல்லாததற்கு இதுதான் காரணம். சுவரில் வரிசையாக உலோகத் தகடுகளைப் பார்ப்பீர்கள். 639 வருடங்களில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு தகடு என்று திட்டம். நன்கொடை கொடுத்தவர் தன் வருடத்தில் நாலு வார்த்தை பொறித்துக்கொள்ளலாம். வேலை நின்றுவிடாமல் நடப்பதற்கு இந்தப் பணம் முக்கியம், ஆகவே உண்டியலைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போகாதீர்கள்.

ஒலி இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. கதவு அப்படியில்லை. குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் இன்னும் குறையும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்லினிலிருந்து வருபவர்கள் மக்டபர்க்கில் ரயில் மாற வேண்டியிருக்கும், ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. காலையில் தாமதமாகக் கிளம்பி, மூடுவதற்கு இருபது நிமிடம் முன்னால் ஓடி வந்து சேருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது.

ஆகஸ்ட்டிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். தடித்த கல் சுவருக்குள் அசையாமல் நிற்கும்போது வெளியே இருக்கும் வெயில் உதவாது. பிப்ரவரி மாற்றத்துக்குப் போவதென்றால் காலுறை இரண்டு ஜோடி. அப்புறம், பசி எடுத்தால் ஊரின் பெயரைத் தாங்கிய தொத்திறைச்சி எல்லாக் கடையிலும் கிடைக்கும். சைவக்காரர்கள் வீட்டிலிருந்தே எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.