ஸ்கூல் லைப்ரேரியன்கள் கோரிக்கை வைக்கும்போது பண்ற தப்புகள்

உதவியாளர், சம்பளம், கிரேடுன்னு கேட்டு புதுசா சேர்ந்த சில லைப்ரேரியன்கள் எழுதின மனுக்களைப் படிச்சேன், நாங்க அந்தக் காலத்துல சொதப்பின அதே இடங்கள்ல வரிசையா சொதப்பியிருக்காங்க. தேதி போடாதது, எழுத்துப்பிழை எல்லாம் விட்டுடறேன், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

சப்ஸ்டிட்யூஷனை வாய்வார்த்தையா ஒத்துக்கறது

இதை நினைச்சாலே எனக்கு இன்னமும் பத்திக்கிட்டு வரும். ஒரு டீச்சர் லீவு போட்டா போதும், "லைப்ரரி மேடம் ஃப்ரீதானே, அனுப்புங்க". நாமளும் நல்ல பேருக்காகப் போயிடறோம். புக்கை ரிட்டர்ன் பண்ண வந்த பசங்க பூட்டை ஆட்டிப் பாத்துட்டு திரும்பிடுவாங்க. அந்த நேரம் லைப்ரரி மூடியிருந்துச்சுன்னு எந்த ரெஜிஸ்டர்லயும் இருக்காது.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க வருஷக்கணக்கா இப்படியே போனாங்க. பசங்க உட்கார்ந்து படிக்கட்டுமேன்னு சில நாள் பூட்டாமலும் போயிருக்காங்க. கடைசில ஸ்டாக் வெரிஃபிகேஷன் வந்தப்போ அக்செஷன் ரெஜிஸ்டர்ல (லைப்ரரிக்கு வந்த ஒவ்வொரு புக்கையும் நம்பர் போட்டு எழுதற பதிவேடு) இருக்கற புக்கு ஷெல்ஃப்ல இல்ல, பணத்தை நீங்களே கட்டுங்கன்னுட்டாங்க. உதவியாளர் கேட்டு மனு குடுத்ததுக்கு வந்த பதில் அதைவிட மோசம்: "இஷ்யூ ரெஜிஸ்டர்ல பாதி நாள் என்ட்ரியே இல்ல, இதுக்கு எதுக்கு இன்னொரு ஆள்?" என்ட்ரி எப்படிங்க இருக்கும், அவங்களைத்தான் எட்டாம் கிளாஸ் கணக்கு பீரியடுக்கு அனுப்பி வெச்சிருந்தீங்களே! ஆனா அதைக் காட்ட அவங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது.

அதனால தனியா ஒரு நோட்டு போடுங்க. தேதி, எந்த பீரியட், யார் அனுப்பினது, அதனால எந்த கிளாஸோட லைப்ரரி பீரியட் போச்சு, இவ்ளோ போதும். மாசக் கடைசில கூட்டிப் போட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட இனிஷியல் வாங்கிடுங்க. போகமாட்டேன்னு சண்டை போட வேண்டாம், போங்க, ஆனா எழுதிட்டுப் போங்க.

இஷ்யூ கணக்கை மட்டும் நீட்டறது

எத்தனை புக்கு போச்சுன்னு மட்டும் சொன்னா, அதுக்கு ஒரு கிளார்க் போதுமேன்னு முடிச்சிடுவாங்க. உலக அளவுல நூலக அமைப்புகளோட கூட்டமைப்பான இஃப்லா 2015ல வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டில, லைப்ரேரியன் வேலைன்னு கற்பித்தல், நிர்வாகம், தலைமையும் கூட்டுச் செயல்பாடும், சமூகத் தொடர்புன்னு சொல்லியிருக்கு. ஒன்பதாம் கிளாஸ் ப்ராஜெக்டுக்கு, கிடைச்ச தகவல் சரியான்னு எப்படிப் பாக்கறதுன்னு நீங்க சொல்லிக்குடுத்திருந்தா, அந்த சப்ஜெக்ட் டீச்சர் கையெழுத்தோட எழுதி வைங்க.

ஆய்வை மட்டும் நம்பிப் போறது

அமெரிக்காவோட கொலராடோ மாநில ஸ்கூல் லைப்ரரிகளைப் பத்தி 1993ல வந்த ஆய்வை எல்லாரும் தூக்கிக்கிட்டுப் போறாங்க. லைப்ரரில ஆளும் புக்கும் நிறைய இருக்கற ஸ்கூல்ல மார்க்கும் நல்லா இருந்துச்சுங்கறது நல்ல பாயின்ட்தான். ஆனா ரெண்டும் சேந்து இருந்துச்சுங்கறதால இதாலதான் அது வந்துச்சுன்னு ஆகுமான்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கேட்டா மாட்டிக்குவீங்க. உங்க ஸ்கூல் கணக்கையும் பக்கத்துலயே வைங்க.

தனி ஆளா போறது

வேண்டவே வேண்டாம்.

எல்லாத்தையும் ஒரே மனுவுல கொட்டறது

சம்பளமும் கிரேடும் மேல இருக்கறவங்க முடிவு, அது சங்கம் வழியா தனியாத்தான் போகணும். ஹெட்மாஸ்டரால முடியறதை மட்டும் அவர்கிட்ட கேளுங்க. சம்பளம், கிரேடு, உதவியாளர், ஃபேன் ரிப்பேர்னு ஒரே தாள்ல எழுதிக் குடுத்தா ஃபேனை மட்டும் சரி பண்ணிட்டு, "கோரிக்கை நிறைவேற்றப்பட்டது"ன்னு ஃபைலை மூடிடுவாங்க.