சிறு விமானத்தில் எரிபொருளை நிமிடங்களாக எண்ணுவது எப்படி

எரிபொருள் காட்டும் முள்ளை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மிதவையோடு இணைந்த முள், விமானம் சற்றுச் சாய்ந்தாலே ஆடும். சமதளத்தில் நிறுத்தி, அந்த மாடலுக்கென்றே அளவு குறித்த குச்சியை (டிப்ஸ்டிக்) துடைத்து, டாங்கின் அடிவரை நேராக இறக்குங்கள். எடுத்த கையோடு படியுங்கள். சிறு விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸ் சட்டென ஆவியாகும், ஈரக்கோடு கண்முன்னே மங்கிவிடும். மூடியைத் திருகியபின் இழுத்துப் பாருங்கள். சரியாக உட்காராத மூடி வழியே, இறக்கைமேல் ஓடும் காற்று எரிபொருளை உறிஞ்சி வெளியேற்றும்.

டாங்கில் உள்ளதெல்லாம் என்ஜினுக்குப் போகாது. செஸ்னா 172எஸ் விமானம் 56 அமெரிக்க கேலன் கொள்ளும். பயன்படுவது 53, ஏறக்குறைய 200 லிட்டர்.

பயன்படும் எரிபொருள் 120 லிட்டர் என்று வையுங்கள். ஸ்டார்ட், டாக்ஸிக்கு (தரையில் ஓட்டிச் செல்ல) 5, மேலேற 5 போனால் மிச்சம் 110. மணிக்கு 38 லிட்டர் வீதம் 2 மணி 53 நிமிடம். இதில் ஒரு மணி நேரத்தைத் தொடவே கூடாது. அமெரிக்க விதி பகல் விஎஃப்ஆருக்கு (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு) 30 நிமிடமும் இரவுக்கு 45 நிமிடமும்தான் கேட்கிறது. எங்களுக்கு அது போதாது. ஆக, 1 மணி 53 நிமிடத்தில் தரையில் இருக்க வேண்டும். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் 150 கடல் மைலுக்கு ஒன்றரை மணி. எதிர்காற்று 20 நாட் வீசினால் 1 மணி 53 நிமிடம்; உபரியெல்லாம் காற்றோடு போயிற்று. வழியில் நிரப்பும் இடத்தை அதனால்தான் கிளம்புமுன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

கையேட்டில் உள்ள செலவுக் கணக்கு, மிக்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, குறைத்துப் பறப்பதற்கானது. முழு ரிச்சில் (எரிபொருள் மிகுந்த கலவையில்) விட்டால் அந்தக் கணக்கு நிற்காது. கிளம்பிய நேரத்தை எழுதி, அரை மணிக்கொருமுறை மிச்சத்தைக் கணக்கிடுங்கள். பைப்பர் பிஏ-28 போல இடது, வலது மட்டும் உள்ள செலக்டர் (டாங்கைத் தேர்ந்தெடுக்கும் திருகு) என்றால் அப்போதே டாங்கையும் மாற்றுங்கள். ஒரு டாங்க் நிறைய இருக்க, மற்றது வறண்டு என்ஜின் நிற்பதும் நடக்கிறது.

நின்றுவிட்டால் முதலில் கிளைடு வேகம் (என்ஜினின்றிச் சறுக்கிப் பறக்கும் வேகம்): 172எஸ்ஸுக்கு 68 நாட். இறங்க இடம் பாருங்கள். பிறகு செலக்டரை எரிபொருள் உள்ள டாங்குக்கு மாற்றி, பம்ப் ஆன், மிக்சர் ரிச், கார்புரேட்டர் இருந்தால் அதைச் சூடாக்கும் ஹீட்டும் ஆன். எரிபொருள் வந்து சேரச் சில விநாடி ஆகும். அதற்குள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி மாற்றாதீர்கள். ஓடவில்லையென்றால் மிக்சரை மூடி, எரிபொருளையும் இக்னிஷனையும் அடைத்து, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) இறக்கியபின் மாஸ்டர் மின் ஸ்விட்சை அணையுங்கள். தரை தொடுமுன் கதவுத் தாழை விடுவியுங்கள். இடித்துச் சட்டம் வளைந்தால் கதவு திறக்காது.