நேராக நிற்கும் மரத்தைச் சாய்ப்பது எப்படி: வாய், கீல், பின்வெட்டு

மரம் எந்தப் பக்கம் விழும் என்பதை அறுத்த பகுதி தீர்மானிப்பதில்லை. அறுக்காமல் விட்ட பகுதிதான், அதாவது கீல்தான், தீர்மானிக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது, கூடுதலாக அறுத்துவிடுவதில்தான். இங்கே எடுத்துக்கொள்ளும் மரம்: தோட்டத்தில் நேராக வளர்ந்த மலைவேம்பு, உயரம் 40 அடி, தூரில் 4 அடிச் சுற்று, அதாவது சுமார் 40 செ.மீ. குறுக்களவு. 18 அங்குல பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட செயின் சா இதற்குப் போதும். சாய்ந்த மரம், உள்ளே பொந்து விழுந்த மரம், மின்கம்பி ஓரத்து மரம் மூன்றும் பழகுவதற்கு உரியவை அல்ல. கம்பி பக்கத்தில் இருந்தால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்த வேண்டும்.

அனுமதியையும் பார்த்துவிடுங்கள். சந்தனம் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. ஈட்டி என்றாலும் முதலில் வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 தமிழக வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

1. மெஷினைத் தயார் செய்தல்

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பது பொதுவான கலவை. உங்கள் மெஷினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. சங்கிலி பாரின் அடியில் தொய்ந்து தொங்கக்கூடாது, கையால் இழுத்தால் ஓட வேண்டும். அறுக்கும்போது சீவல் சீவலாக வந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு போலத் தூள் வந்தால் மழுங்கிவிட்டது, நிறுத்தி அரம் போடுங்கள். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பவருக்கு வெட்டு நேராக நிற்காது, கையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

ஹெல்மெட், கண் மறைப்பு, காது மறைப்பு, பூட்ஸ், தொடைக்கான வெட்டுத்தடுப்பு உடை எல்லாம் வேண்டும். லுங்கியும் செருப்புமாக ஏறி இறங்குபவர்களைப் பார்த்து, அதுதான் அனுபவம் என்று எண்ண வேண்டாம். பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அதனால் நுனியால் அறுக்காதீர்கள், தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள், இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும்.

2. மரத்தைப் படித்தல்

கண்ணிலிருந்து நீட்டிய கை முஷ்டி வரை உள்ள நீளத்துக்கு ஒரு குச்சியை எடுங்கள். அதை முஷ்டிக்கு மேலே செங்குத்தாக நிற்கும்படி பிடித்து, குச்சி மரத்தை அடி முதல் நுனி வரை மறைக்கும் இடம் வரை பின்னால் நடங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம். அதைப்போல் இரண்டு மடங்குக்குள், இந்த மரத்துக்கு 80 அடிக்குள், வேறு யாரும் நிற்கக்கூடாது.

சாய்மானத்தைத் தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கங்களிலிருந்து பாருங்கள். தண்டு நேராக இருந்தும் கொப்பெல்லாம் ஒரே பக்கம் இருந்தால் மரம் அந்தப் பக்கமே இழுக்கும். கோடாரிப் பிடரியால் தூரைத் தட்டுங்கள். 'டொம்' என்று வெறுமையாகக் கேட்டால் அந்த மரத்தை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள். ஆடிக்காற்று வீசும் நாளில் எந்த மரத்தையும் தொட வேண்டாம்.

விழும் திசைக்கு நேர் எதிரே ஓடாமல், பின்புறமாக இருபக்கமும் 45 டிகிரியில் இரண்டு வழிகளைக் கல், முள் இல்லாமல் சுத்தம் செய்து வையுங்கள். நேர் பின்னால் நிற்பவரைத் தூர் பின்னுக்கு எகிறி அடிக்கலாம்.

3. வாய் வைத்தல்

விழ வேண்டிய பக்கத்தில் முதலில் மேலிருந்து சாய்வாக, பிறகு கிடைமட்டமாக அறுத்து, சுமார் 60 டிகிரி திறக்கும் ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிடுங்கள். ஆழம் குறுக்களவில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை, இங்கே 8 முதல் 10 செ.மீ. இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டி உள்ளே போனால் அடுத்து வரப்போகும் கீல் அங்கேயே பாதி அறுந்ததாகிவிடும்.

4. பின்வெட்டும் கீலும்

வாயின் மூலையைவிட 2, 3 செ.மீ. மேலே, எதிர்ப்பக்கத்திலிருந்து கிடைமட்டமாக அறுத்து வாருங்கள். பார் முழுக்க உள்ளே போனதும் பின்னால் பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பைச் செருகுங்கள். இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் பல் போய்விடும். வாய்க்கு முன்னால் 4 செ.மீ., அதாவது குறுக்களவில் பத்தில் ஒன்று, ஒரே தடிமனில் மிஞ்சும்போது நிறுத்துங்கள். கதவுக்கு இருப்பதுபோல் மரத்துக்கு இதுதான் கீல். ஒருபக்கம் மெலிந்தால் மரம் தடித்த பக்கம் திரும்பும். முழுதும் அறுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மரம் அசையவில்லையென்றால் ஆப்பைத் தட்டுங்கள், கீலை மேலும் அறுக்க வேண்டாம்.

நம் ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு கயிற்றில். மரத்தின் நீளத்தைவிடக் குட்டையான கயிற்றைக் கட்டி நாலு பேர் முன்னால் நின்று இழுப்பார்கள், மரம் அவர்கள் மேலேயே வரும். டிராக்டரில் கட்டி, பின்வெட்டு முடியும் முன்பே பலமாக இழுத்தால் தண்டு நெட்டாகப் பிளந்து பின்பாதி மேலே எகிறும். அறுப்பவரின் தலை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

தென்னைக்கும் பனைக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கெட்டியான வைரம் வெளியே, மென்மையான சோறு உள்ளே. கீலை நம்ப முடியாது.

5. சாய்ந்தபின்

மரம் அசையத் தொடங்கியதும் மெஷினோடு வெளியேறி மேலே பாருங்கள். முறிந்த கொப்பு பின்னாலேயே வரும். பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால் அடியில் போகாதீர்கள், தாங்கும் மரத்தை வெட்டாதீர்கள். தூரைக் கயிறு போட்டுப் பின்னுக்கு இழுத்து இறக்க வேண்டும்.

துண்டு போடும்போது இருமுனையும் தாங்கி நடுவில் தொங்கும் தண்டை முதலில் மேலிருந்து மூன்றில் ஒருபங்கு, பிறகு கீழிருந்து அறுங்கள். ஒருமுனை மட்டும் தாங்கினால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் பார் இறுகிக்கொள்ளும்.

6. அளவும் விலையும்

நடுச்சுற்றை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 36 அங்குலம், 16 அடி என்றால் 9×9×16÷144, அதாவது 9 கன அடி. உருளையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11½ வரும். குறையும் பங்கைப் பட்டை, கழிவு என்று வியாபாரி வைத்துக்கொள்வார், அது வழக்கம்.

நின்ற மரத்துக்கு மொத்த விலை பேசுவது சூதுதான். பொந்து இருந்தால் நஷ்டம் முழுக்க வாங்கியவருக்கு. மழைக்காலத்தில் லாரி வயலில் இறங்காது, அறுத்த மரம் கிடந்து வெடிக்கும். ஆகவே விலை பேசும்முன் வண்டி எங்கே வரை வரும் என்று நடந்து பாருங்கள், தூக்குகூலியையும் தூரைத் தோண்டுவது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.