ஐடென்டிட்டி எண் உள்ள டேபிளை நகலெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் நகரத்தார் சமூகத்தின் நகரக் கோயில் ஒன்றின் புள்ளிக் கணக்கு கணினியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணமான தம்பதி ஒரு புள்ளி. ஒரு டேபிளில் புள்ளிகள், இன்னொன்றில் அவர்கள் கட்டிய புள்ளி வரி. வரி டேபிளில் பெயர் இருக்காது, புள்ளியின் ஐடி மட்டும்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் டேட்டாபேஸ் தானாகப் போடும் இந்த வரிசை எண்தான் ஐடென்டிட்டி.

ஐடியைக் கொடுக்காமல் புள்ளிகளைப் புதிய டேபிளில் இன்செர்ட் செய்தால், அது 1-லிருந்து தானாக எண் போட ஆரம்பிக்கும். பழையதில் இடையிடையே நீக்கிய பதிவுகள் இருந்திருக்கும். 57 என்றிருந்தவர் 52 ஆகிவிடுவார். பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு வீட்டார் கட்டிய பணம் வேறொரு வீட்டார் பெயரில் நிற்கும். இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் கிடையாது.

புது டேபிள் காலியாக இருந்தால் பழைய ஐடியையே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸில், எண்ணை நாமே கொடுக்க விடும் ஐடென்டிட்டி இன்செர்ட்டை ஆன் செய்து, நெடுவரிசைப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பெயர்களை எழுதாமல் வெறும் செலக்ட் ஸ்டார் போட்டால் எடுபடாது. ஒரு செஷனில் ஒரு டேபிளுக்குத்தான் அது ஆனில் இருக்கும், முடிந்ததும் ஆஃப் செய்துவிடுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஐடியை நாமே கொடுத்தால், அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் நகராது. செட்வேல் ஃபங்ஷன் கொண்டு அதை முன்னே தள்ளாவிட்டால், அப்புறம் சேர்க்கும் புதுப் புள்ளி பழைய எண்ணில் மோதும்.

இரண்டு ஊர்க் கணக்கை ஒன்றாகச் சேர்ப்பதுதான் கடினம். இரண்டிலும் 57 இருக்கும், ஆக புது எண் கொடுத்தே தீர வேண்டும். பலர் இங்கே ஸ்கோப் ஐடென்டிட்டியை நம்புகிறார்கள். நூறு பதிவு போட்டாலும் அது கடைசி எண்ணை மட்டும்தான் சொல்லும். பதிவுகள் பழைய வரிசையிலேயே விழும் என்று கூட்டிக் கழிப்பதும் ஆபத்து. புதிய டேபிளில் ‘பழைய ஊர்’, ‘பழைய ஐடி’ என்று இரண்டு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். வரிப் பதிவுகளைக் கொண்டுவரும்போது அவற்றோடு ஜாயின் செய்தால் புது ஐடி சரியாகக் கிடைத்துவிடும். வேலை முடிந்த பிறகும் அவற்றை அழிக்காதீர்கள், பழைய ரசீதோடு யாராவது வரும்போது தேவைப்படும்.

ரசீது எண்ணாக ஐடென்டிட்டியை அச்சடிக்கவே கூடாது. பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆன பதிவின் எண் திரும்ப வராது. சர்வர் திடீரென நின்று எழுந்தால் எண் ஆயிரம் தாண்டிக்கூடக் குதிக்கலாம். விடுபட்ட ரசீது எங்கே என்று ஆடிட்டர் கேட்பார்.

எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் செய்யுங்கள். மாற்றங்களை நிலையாக்கும் கமிட்டைக் கொடுக்கும் முன், மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டு விட்டுவிடாமல், புள்ளி வாரியாகப் பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிடுங்கள். பணம் வேறு பெயருக்கு மாறியிருந்தாலும் மொத்தம் சரியாகத்தான் வரும்.