‘பிரதர்’ என்றால் எந்தப் பிரதர்? திருவிழா நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் கூட்டமான இடத்தில் நின்று ‘பிரதர்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேராவது திரும்புவார்கள். பெந்தெகொஸ்தே சபையில் எல்லோருமே பிரதர். நம் கத்தோலிக்கப் பங்கில் குருவாவதற்கு, அதாவது ஃபாதராவதற்கு, குருமடத்தில் படிக்கிற பையன் லீவுக்கு வந்தால் அவனும் பிரதர், டீக்கனும் (குருவுக்கு ஒரு படி கீழே உள்ள திருத்தொண்டர்) பழக்கதோஷத்தில் பிரதர், அப்புறம் வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்து, குருவாகாமல், கடைசிவரை துறவியாகவே வாழ்கிற அறுபது வயதுக்காரரும் பிரதர். இந்தக் கடைசி ஆளைத்தான் நோட்டீசில் தப்பாகப் போட்டுவிடுகிறோம். நானே ஒருமுறை குருக்களுக்குப் போடும் ‘அருட்பணி’யைப் போட்டு, மேடையில் வைத்து அசடு வழிந்திருக்கிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டுவிட வேண்டியதுதான். ஆனால் “எப்போ பிரதர் பட்டம்?” என்று கேட்காதீர்கள். அவர் குருப்பட்டத்துக்குக் காத்திருக்கிறவர் இல்லை, பாதியில் நின்றுபோன ஃபாதரும் இல்லை. “எந்தச் சபை பிரதர்?” என்று கேளுங்கள். கோட்டாறு, குழித்துறை என்று மறைமாவட்டத்தின் பெயரைச் சொன்னால் அநேகமாகக் குருமாணவர். துறவற சபையின் பெயரைச் சொன்னால் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஏனென்றால் சேசு சபை போன்றவற்றில் குருக்களும் உண்டு, குருவாகாத சகோதரர்களும் உண்டு. லசால் சபை வேறு மாதிரி. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அதைத் தொடங்கிய ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் தானே ஒரு குரு, ஆனால் பள்ளிக்கூடத்துக்கே முழு ஆளாக இருக்க வேண்டும் என்று தன் சகோதரர்கள் குருவாக வேண்டாம் என வைத்துவிட்டார்.

சொல்லின் வேரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லத்தீனில் ‘ஃப்ராத்தெர்’ என்றால் உடன்பிறந்தவன். அது பிரெஞ்சில் ‘ஃப்ரேர்’ ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் ‘ஃப்ரையர்’ ஆனது. ஆங்கில ‘பிரதர்’, சமஸ்கிருத ‘ப்ராத்ரு’ எல்லாம் அதே குடும்பம்தான். அசிசி பிரான்சிஸ் 1209 வாக்கில் ஆள் சேர்த்தபோது தன் கூட்டத்துக்கு வைத்த பெயரே ‘சிறிய சகோதரர்கள்’. அவரும் குருவாகவில்லை, திருத்தொண்டர் நிலையோடு நின்றுகொண்டார். நாம் சொல்லும் ‘சகோதரர்’ ஒரே உதரத்தில், அதாவது ஒரே வயிற்றில் பிறந்தவர். நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் வரும் ‘அதெல்ஃபோஸ்’ என்ற சொல்லுக்கும் வேர்ப்பொருள் அதேதான். மத்தேயு 23:8-இல் “நீங்கள் எல்லோரும் சகோதரர்” என்று இயேசு சொல்வது இந்தச் சொல்லை வைத்துத்தான். (அடுத்த வசனம் யாரையும் ‘தந்தை’ என்று அழைக்க வேண்டாம் என்கிறது. ஃபாதர்களுக்குச் சங்கடம், விட்டுவிடுவோம்.) போர்த்துகீசியர் வந்த காலத்தில் அவர்களுடைய ‘பாத்ரே’ நம்மிடம் பாதிரியாகி நிலைத்தது, துறவிகளைக் குறிக்கும் அவர்களுடைய ‘ஃப்ரேய்’ என்ற சொல் நம் பேச்சில் ஒட்டவில்லை. அந்த இடத்துக்கு ஆங்கில பிரதர் வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி நோட்டீஸ். திருப்பலித் தலைமை, மறையுரை (பூசையில் வைக்கும் பிரசங்கம்) இரண்டுக்கும் நேரே பிரதர் பெயர் வரக்கூடாது. தலைமை குருவுக்கு, மறையுரை குருவுக்கு அல்லது திருத்தொண்டருக்கு. தியான உரை, இளைஞர் கூட்டம், பொதுக்கூட்ட வாழ்த்துரை எதில் வேண்டுமானாலும் பிரதரைப் போடலாம். பெயருக்கு முன்னால் ‘அருட்சகோதரர்’ என்று முழுதாக எழுதுங்கள். ‘சகோ.’ என்று சுருக்கினால் பக்கத்துத் தெரு ஜெபக்கூட்ட போஸ்டர் மாதிரி ஆகிவிடும். பெயருக்குப் பின்னால் சபையின் சுருக்கம் போடுங்கள், சேசு சபை என்றால் ‘சே.ச.’. படிக்கிற பையனுக்குக் ‘குருமாணவர்’, டீக்கனுக்குத் ‘திருத்தொண்டர்’. நேரில் எல்லோரையும் பிரதர் என்றே கூப்பிடலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அச்சகத்தில் புரூஃபை ஒருதரம் நீங்களே பாருங்கள். சிஸ்டர்கள் பெயரையே அடித்து அடித்துப் பழகிய கை, அருட்சகோதரரை அருட்சகோதரி ஆக்கி வைத்திருக்கும்.