கிராமத்தை வரையத் தாமே பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் ஆசிரியரின்றித் தாமே ஓவியம் பழகுவோர் பலர் உண்டு. அவர்களுடைய கைத்திறனில் எனக்குக் குறை தெரிந்ததில்லை. நாட்காட்டியிலும் கைப்பேசியிலும் பார்த்துப் பழகிய கிராமத்தை, கண்முன் இருக்கும் கிராமத்தின்மேல் ஏற்றி வரைந்துவிடுவதே பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

பனையையே எடுத்துக்கொள்வோம். அடிமரத்தைப் பழுப்பாகவும் தலையைப் பச்சைப் பந்தாகவும் தீட்டிவிடுகிறார்கள். திசையன்விளைப் பக்கம் ஒரு பனையடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், மரம் சாம்பல் பூத்த கருமையாகவும், உதிர்ந்த மட்டைகளின் தழும்பு வரிவரியாகவும், குருத்தோலை வெளிர்மஞ்சளாக நிமிர்ந்தும், காவோலை காய்ந்து தொங்கியும், மட்டையின் இரு விளிம்பிலும் கருக்கு அரம்போலப் பல் பல்லாகவும் இருப்பது தெரியும். தேரிக்காட்டில் செம்மணலில் பட்டுத் திரும்பும் வெயிலால் நிழலுக்குள்ளும் சிவப்பு ஏறும். அங்கே வெறும் கறுப்பைக் குழைத்து நிழல் போட்டால் அந்த மண்ணே செத்துவிடும்.

வயலுக்கு டியூபிலிருந்து ஒரே பச்சையைப் பிதுக்கிப் பூசுவதும் தவறு. பிசானம் என்னும் நெல் பருவத்தில் நாற்றங்காலின் இளம்பச்சை வேறு, நட்ட பயிர் வேர்பிடித்தபின் கறுக்கும் பச்சை வேறு. மஞ்சளையும் நீலத்தையும் நீங்களே கலந்தால்தான் அந்த வேறுபாடு கைவரும்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து மஞ்சள் மூக்கு நாரையை முழுக்க இளஞ்சிவப்பாக வரைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அதன் உடல் வெள்ளை, மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை. இறகுகளில் இளஞ்சிவப்பு வாலையொட்டியவற்றில் மட்டுமே உண்டு.

நீர்வண்ணத்துக்கு மெல்லிய தாள் வேண்டாம். ஈரம் பட்டதும் நெளிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் விலை கூடுதல்தான் என்றாலும், அதையே வாங்கிச் சிறு துண்டுகளாக வெட்டிப் பழகுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது, இன்றைய ஊரைப் படத்திலிருந்து அழித்துவிடும் வழக்கம். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றுள் குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும் ஒன்று. புராணக் கதைகளுக்கு நடுவிலும் தம் காலத்து வணிகத்துக்குச் சுவரில் இடம் கொடுத்திருக்கிறார் அந்தப் பெயர் தெரியாத ஓவியர். தாமிரபரணிப் படித்துறையை வரையும் நீங்கள், அங்கே துணி துவைக்கும் பெண்ணின் கையில் மண்குடத்தைத் திணிக்காமல், அவர் பக்கத்தில் உள்ள நீல பிளாஸ்டிக் வாளியை, அதன் விளிம்பில் மின்னும் வெயிலோடு வரையுங்கள்.