சிக்னலில் தானே அணையும் இன்ஜின்: எப்போது அணையவிடுவது, எப்போது தடுப்பது

புதிதாகக் கார் வாங்கிய நண்பர்கள் முதல் வாரத்திலேயே தொலைபேசியில் அழைத்து, "சிக்னலில் நின்றதும் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறதே, ஏதாவது கோளாறா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கோளாறு இல்லை. வண்டி நிற்கும்போது வீணாக ஓடும் இன்ஜினை அணைத்து, கிளம்பும்போது தானே உயிர்ப்பிக்கும் ஏற்பாடு அது. காரணம் தெரிந்த பிறகும் பலருக்கு அது பிடிப்பதில்லை. வண்டியில் ஏறியதும், வட்ட அம்புக்குறிக்குள் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து பொறித்த பொத்தானை அழுத்தி அதை நிறுத்திவைத்துவிட்டுத்தான் சீட் பெல்ட்டையே மாட்டுகிறார்கள். வேறு சிலரோ அந்தப் பொத்தான் இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரண்டுமே சரியான வழி அல்ல என்பது சென்னைச் சாலைகளில் 6 ஆண்டுகள் இந்த வசதியோடு ஓட்டிய என் கருத்து. எங்கே அணைய வேண்டும், எங்கே அணையக் கூடாது என்பதை வண்டியிடம் விட்டுவிடாமல் ஓட்டுநரே தீர்மானிக்கலாம்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வசதி பற்றி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசுவதற்கு இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம். சில கார்களில் வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரையே வலுவாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒவ்வொரு முறையும் 'கிர்ர்' என்ற ஓசையும் லேசான குலுக்கலும் இருக்கும். 2015இல் வெளிவந்த மாருதி சியாஸ் டீசல் தொடங்கி 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்ற பெயரில் வந்த கார்களில், இன்ஜினின் பெல்ட்டோடு இணைந்த ஜெனரேட்டரே மோட்டாராகவும் மாறி இன்ஜினைச் சுழற்றுகிறது. அங்கே இன்ஜின் உயிர்பெறுவது பெரும்பாலும் தெரியாது. முதல் வகையை ஓட்டுபவர் "தொல்லை" என்பதும், இரண்டாம் வகையை ஓட்டுபவர் "அப்படி ஒன்றும் இல்லையே" என்பதும் இரண்டுமே உண்மைதான்.

மிச்சம் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சிறிய பெட்ரோல் கார் ஒன்று நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும், ஏ.சி. போட்டிருந்தால் அது மேல் எல்லையை நெருங்கும். அலுவலகம் போய்வரும் ஒருவர் நாளொன்றுக்கு 20 நிமிடம் சிக்னல்களில் நிற்கிறார் என்று வைத்தால், மணிக்கு 0.6 லிட்டர் என்ற அளவிலேயே மாதம் 25 நாளுக்கு 5 லிட்டர் ஆகிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் ஏ.சி.க்காக இன்ஜின் இடையிடையே தானாக விழித்துக்கொள்ளும் என்பதால், அதில் ஒரு பகுதிதான் கையில் நிற்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் சாவியைப் போட்டதும் இந்த வசதி தானாகவே இயங்கு நிலைக்கு வருவதற்குக் காரணம் உண்டு: ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி கரியமில வாயு வெளியீட்டுக்கு இந்திய அரசு 2017-18 நிதியாண்டிலிருந்து வரம்பு வைத்திருக்கிறது, அதை அளக்கும் ஓட்டச் சோதனையின் நகரப் பகுதியில் வண்டி அடிக்கடி நின்று நின்று போகிறது; அங்கே இன்ஜின் அணைந்தால் கணக்கில் வெளியீடு குறையும்.

இனி கைப்பழக்கத்துக்கு வருவோம். 10 விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் இன்ஜினை அணைத்து மீண்டும் உயிர்ப்பிப்பதே எரிபொருளுக்கு லாபம் என்பது பொதுவான அளவுகோல். நான் அதை 30 விநாடியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் கருதினால் நம் நெரிசலுக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. சிக்னலில் நொடி காட்டும் பலகை இருந்தால் தீர்மானிப்பது எளிது. கியர் மாற்றி ஓட்டும் காரில், 80 அல்லது 90 என்று காட்டினால் நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், இன்ஜின் அணையும். 12 என்று காட்டினால், நியூட்ரலுக்கு வந்தாலும் கிளட்சை மிதித்தபடியே இருங்கள், அணையாது. பச்சை விழும்வரை காத்திருந்துவிட்டுப் பரபரப்பாகக் கிளட்சை மிதிப்பவர்கள்தான் பின்னால் நிற்பவரின் ஹாரனுக்கு ஆளாகிறார்கள். பலகையில் 3 தெரியும்போதே முழுவதுமாக மிதித்தால், பச்சை விழும்போது முதல் கியரில் தயாராக இருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் காரில் இதே வேலையைப் பிரேக் கால் செய்கிறது. பல கார்களில், வண்டி நின்ற பிறகு பிரேக்கை லேசாக மட்டும் மிதித்திருந்தால் இன்ஜின் அணைவதில்லை. அழுத்தி மிதித்தால்தான் அணைகிறது. காலியான ஓர் இடத்தில் பத்து முறை நிறுத்திப் பார்த்தால் உங்கள் வண்டி எந்த அழுத்தத்தில் அணைகிறது என்பது காலுக்குப் பழகிவிடும். அதன் பிறகு பொத்தானைத் தேட வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது. கிளம்புவதற்கு முன் பிரேக்கை ஓர் இழை தளர்த்தினால் போதும், வண்டி நகராமலே இன்ஜின் விழித்துக்கொள்ளும்.

பொத்தானை அழுத்தி நிறுத்திவைத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. மழைநீர் தேங்கிய சாலை அவற்றில் முதலாவது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேளச்சேரியிலோ ஒரு சுரங்கப்பாதையிலோ முழங்கால் அளவு நீரில் மெதுவாகப் போகும்போது, முன்னால் செல்லும் வண்டி நின்றால் நாமும் நிற்போம். அந்தக் கணத்தில் இன்ஜின் அணைந்தால், சைலன்சர் குழாயிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த புகையின் அழுத்தம் இல்லாமல் போய், குழாய்க்குள் நீர் ஏறத் தொடங்கும். எனவே நீரில் இறங்குவதற்கு முன்பே, கரையில் இருக்கும்போதே பொத்தானை அழுத்திவிடுங்கள். நீர் இருக்கும் சாலை என்று தெரிந்தால் வேறு வழியில் போவதே நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தது, நெரிசலில் ஊர்ந்து போவது. 5 விநாடிக்கு ஒரு முறை அணைந்து எழும் இன்ஜினால் எந்தப் பயனும் இல்லை, வண்டியில் இருப்பவர்களுக்குத் தலைவலிதான். எதிர்ச்சாரியைக் கடந்து வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போதும், குறுகிய சந்தில் முன்னும் பின்னும் எடுத்து நிறுத்தும்போதும் அணைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. டர்போ (புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டியில் மலை ஏறி முடித்தவுடனோ, நெடுஞ்சாலையில் வேகமாக வந்தவுடனோ சுங்கச்சாவடியில் நின்றால் உடனே அணையவிடாதீர்கள். ஒரு நிமிடம் இன்ஜின் ஓடி டர்போ ஆறட்டும்.

ஏ.சி. பற்றிய புகார் நியாயமானது. கால் டாக்ஸி ஓட்டும் ஓர் அண்ணன் ஒரு மே மாத மதியம் என்னிடம், "பின்னாடி குழந்தையோட உக்காந்திருக்கவங்களுக்கு மைலேஜ் கணக்கு சொல்ல முடியுமா தம்பி?" என்று கேட்டார். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரஸரை இன்ஜின்தான் சுழற்றுகிறது. இன்ஜின் அணைந்தால் மின்விசிறி மட்டுமே ஓடும், ஒரு நிமிடத்துக்குள் காற்று வெதுவெதுப்பாகிவிடும். கோடையில் உச்சி வெயில் நேரத்தில் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, காலையிலும் இரவிலும் இயங்கவிடுவதுதான் என் பழக்கம். பச்சிளம் குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் எந்த நேரமானாலும் நிறுத்திவிடலாம்.

இந்த வசதியில் உண்மையாகவே பணம் கரையும் இடம் பேட்டரி. இவ்வகைக் கார்களுக்கு இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று குறிக்கப்பட்ட பேட்டரிகளையே நிறுவனங்கள் பொருத்துகின்றன. அடிக்கடி இறங்கி ஏறும் மின்சுமையைத் தாங்குவதற்காக அவை செய்யப்பட்டவை. என் காரின் முதல் பேட்டரி நான்காம் ஆண்டில் தளர்ந்தபோது, வீட்டருகே இருந்த கடையில், "எல்லாம் 12 வோல்ட்தான் சார்" என்று சொல்லிச் சாதாரண பேட்டரியை வைத்தார்கள்; விலை குறைவு என்று நானும் ஒப்புக்கொண்டேன். மூன்றாம் மாதம் சிக்னலில் இன்ஜின் அணைவது நின்றது. தொல்லை விட்டது என்று மகிழ்ந்தேன். பதினோராம் மாதம், விடியற்காலை 4 மணிக்கு ரயிலைப் பிடிக்கக் கிளம்பியபோது, சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. டாஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி அணைந்தன. இன்ஜின் தானே அணையாமல் போவதுதான் பெரும்பாலும் பேட்டரி தளர்வதன் முதல் அறிகுறி என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே பழைய பேட்டரியின் மேலுள்ள ஒட்டுச்சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, அதே வகையையே கேட்டு வாங்குங்கள். சில கார்களில் புதிய பேட்டரி வந்ததை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். செய்துவிட்டார்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வேறு வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்ய நேர்ந்தால், கறுப்பு ஒயரை உங்கள் பேட்டரியின் எதிர்முனையில் (மைனஸ்) மாட்டாமல் உங்கள் வண்டியின் கையேடு காட்டும் உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். பல கார்களில் எதிர்முனையில்தான் பேட்டரியை அளக்கும் உணரி இருக்கிறது. இந்த வசதியை நிரந்தரமாக நிறுத்துகிறேன் என்று அந்த உணரியின் இணைப்பையோ பானெட் சுவிட்சின் இணைப்பையோ கழற்றிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். முதலாவதைக் கழற்றினால் சார்ஜ் ஏறும் கணக்கு குழம்பும். இரண்டாவது, பானெட் திறந்திருக்கும்போது இன்ஜின் தானாக எழுந்து பெல்ட்டில் கை சிக்காமல் காப்பது.

கடைசியாக ஒன்று. உங்கள் காரை வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால், சாவியைக் கொடுப்பதற்கு முன் அவர்களை அருகில் உட்காரவைத்து ஒருமுறை அணைத்தும் எழுப்பியும் காட்டிவிடுங்கள். என் அப்பா முதல் முறை ஓட்டியபோது ரயில்வே கேட்டில் இன்ஜின் அணைந்தது. வண்டி நின்றுபோனதாக நினைத்து அவர் சீட் பெல்ட்டை அவிழ்த்துக் கதவைத் திறந்தார். அதோடு இன்ஜின் முழுவதுமாக ஆஃப் ஆகிவிட்டது. கேட் திறந்ததும் கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்திருக்கிறார், வண்டி எழவில்லை. பெல்ட்டைக் கழற்றியோ கதவைத் திறந்தோ விட்டால் பல கார்கள் தானாக எழாது. பெல்ட்டை மாட்டி, நியூட்ரலில் கிளட்சை மிதித்து, சாவியாலோ பொத்தானாலோ முதலிலிருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும்.